ஐம்பது எண்களில் ஒரு பாம்பு

சி லேப்ல அரேன்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்கு அஞ்சு மாணவர்களோட மார்க்தான். அஞ்சு மார்க்கை வாங்கு, கூட்டு, சராசரி போடு, பெருசு எதுன்னு கண்டுபிடி. அடுத்த வாரம் மேட்ரிக்ஸ் பெருக்கல். ரெக்கார்டுல எழுதி கையெழுத்து வாங்கிட்டு, வைவாவுல "இன்டெக்ஸ் எதுல ஆரம்பிக்கும்?"னு கேட்டா "ஜீரோ மேடம்"னு சொல்லிட்டு வெளிய வந்துருவோம். அந்த ஜீரோ எதுக்கு, அந்த அரே எதுக்குன்னு நான் யோசிச்சதே இல்ல. அந்தப் பேப்பர்ல எனக்கு ஒரு அரியரும் உண்டு, அதையும் சொல்லிடறேன். தமிழ் வழியில படிச்சு வந்த எனக்கு 'அணி'ன்னு சொல்லியிருந்தாலாவது கொஞ்சம் புரிஞ்சிருக்குமோ என்னவோ.

அரேன்னா என்னன்னு எனக்கு உண்மையிலேயே புரிஞ்சது டிபார்ட்மென்ட் கண்காட்சிக்கு முந்தின ராத்திரி. பக்கத்து அரசுப் பள்ளியில இருந்து எட்டாம் வகுப்புப் பசங்க வர்றாங்க, ஏதாவது 'அசையுற மாதிரி' காட்டுங்கன்னு சொல்லியிருந்தாங்க. ரோபோ பண்ண காசு இல்ல. எங்ககிட்ட இருந்தது ஒரு ப்ரொஜெக்டர், ஒரு லேப்டாப், ஒரு மவுஸ். மவுஸ் போற பக்கமெல்லாம் வாலை இழுத்துக்கிட்டுப் போற ஒரு பாம்பு பண்ணலாம்னு நானும் ரூம்மேட்டும் முடிவு பண்ணினோம்.

நாங்க எடுத்தது பி5.ஜேஎஸ். இதோட மூத்தது பிராசஸிங். 2001-ல எம்ஐடி மீடியா லேப்ல கேஸி ரீஸ், பென் ஃப்ரை ரெண்டு பேரும் ஆரம்பிச்சது. படம் வரையறவங்களும் புரோக்ராம் எழுதணும், புரோக்ராம் எழுதறவங்களும் படம் வரையணும்ங்கறதுதான் அதோட நோக்கம். அதே யோசனையை பிரவுசருக்குள்ள கொண்டுவந்தது லாரன் மெக்கார்த்தி, 2013-ல. எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம், அட்மின் பாஸ்வேர்ட் கேட்கிற லேப் கம்ப்யூட்டர்லகூட ஓடும். எங்களுக்கு அதுவே போதுமான காரணம்.

பி5-ல ரெண்டு ஃபங்ஷன் முக்கியம். 'செட்டப்' ஆரம்பத்துல ஒரே ஒரு தடவை ஓடும். 'டிரா' திரும்பத் திரும்ப ஓடிக்கிட்டே இருக்கும், வழக்கமா நொடிக்கு 60 தடவை. சினிமாவுல நொடிக்கு 24 படம். இங்க 60. ஒவ்வொரு தடவையும் திரையைத் துடைச்சுட்டு, கொஞ்சம் தள்ளி மறுபடி வரைஞ்சா அசையுற மாதிரி தெரியும். நோட்டு மூலையில பொம்மை வரைஞ்சு பக்கத்தைச் சரசரன்னு புரட்டுவோமே, அதேதான். இன்னொரு விஷயம்: திரையில 0,0 இருக்கிறது இடது மேல் மூலையில. ஒய் கீழ போகப்போகத்தான் அதிகமாகும். கணக்கு வகுப்புல போட்ட கிராஃபுக்கு நேர் தலைகீழ்.

மவுஸ் இருக்கிற இடத்துல வட்டம் வரையறது ஒத்தை வரி. மவுஸ்எக்ஸ், மவுஸ்ஒய்னு ரெண்டு எண்ணை பி5-வே தந்துடும். ஆனா வால்? வால்ங்கறது மவுஸ் இப்ப இருக்கிற இடம் இல்ல. கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி இருந்த இடம். அதுக்கும் முன்னாடி இருந்த இடம். மவுஸ்எக்ஸைக் கேட்டா அது 'இப்ப' மட்டும்தான் சொல்லும், போன ஃபிரேம்ல எங்க இருந்தேன்னு அதுக்கு ஞாபகமே இருக்காது. அந்த ஞாபகத்தை நாமதான் வெச்சுக்கணும்.

திரையைத் துடைக்காம விட்டா வால் வராதான்னு கேப்பீங்க. நாங்களும் முதல்ல அதைத்தான் பண்ணினோம். வரும். ஆனா அது வால் இல்ல, கோடு. சிலேட்டுல பல்பம் வெச்சுக் கிறுக்கின மாதிரி ஒரு நிமிஷத்துல திரை முழுக்க பச்சையாயிடும். பாம்பு முன்னாடி போகும்போது பின்னாடி இருக்கிறது மறையணும். அப்படின்னா கடைசி 50 இடம் மட்டும் ஞாபகத்துல இருக்கணும், 51-வது மறந்துபோகணும்.

50 இடம்னா 50 எக்ஸ், 50 ஒய். எக்ஸ்0, எக்ஸ்1, எக்ஸ்2ன்னு நூறு வேரியபிள் எழுதலாம்தான். ரூம்மேட் ஆறு வரைக்கும் எழுதிட்டு கையை எடுத்துட்டான். அங்கதான் அரே வந்துச்சு. எக்ஸ்னு ஒரு அரே, ஒய்னு ஒரு அரே, ரெண்டுலயும் 50 அறை. 0-ம் அறை பாம்போட தலை, 49-ம் அறை வாலோட நுனி. ஒவ்வொரு ஃபிரேம்லயும் எல்லா எண்ணும் ஒரு அறை பின்னாடி போகணும், காலியான 0-ம் அறையில புது மவுஸ் இடம் உட்காரணும். அப்புறம் 50 வட்டம். தலை பெருசா, வால் சின்னதா இருக்கணும்னா விட்டத்தை 50 − ஐ-ன்னு வெச்சா போதும், அறை எண்ணே அளவாயிடும். தனியா இன்னொரு அரே தேவையில்ல.

இப்படி எழுதினோம். (டைப் பண்ணும்போது கட்டளைகள் எல்லாம் இங்கிலீஷ்லதான் இருக்கணும். ஆனா வேரியபிளுக்குத் தமிழ்ல பேர் வெச்சா ஜாவாஸ்கிரிப்ட் ஏத்துக்கும், தெரியுமா? நாங்க ராத்திரி ஒரு மணிக்குத்தான் கண்டுபிடிச்சோம்.)

ஐ = 1 முதல் 49 வரை:
    எக்ஸ்[ஐ] = எக்ஸ்[ஐ − 1]
    ஒய்[ஐ] = ஒய்[ஐ − 1]
எக்ஸ்[0] = மவுஸ்எக்ஸ்
ஒய்[0] = மவுஸ்ஒய்

ஓட்டிப் பார்த்தோம். பாம்பு இல்ல. ஒரு பச்சை உருண்டை. அதுக்குப் பின்னாடியே ஒட்டிக்கிட்டு இன்னொரு உருண்டை. அவ்வளவுதான். எரர் மெசேஜ் ஒண்ணும் இல்ல. எரர் வந்தா கூகுள்ல தேடலாம், இதை என்னன்னு தேடறது? "வட்டம் 50 தடவை வரையவே இல்ல போல"ன்னு அவன் சொன்னான். எண்ணிப் பார்த்தா வரைஞ்சிருக்கு. எல்லாம் ஒரே இடத்துல ஒண்ணு மேல ஒண்ணு.

ஒன்றரை மணி நேரம் போச்சு. கடைசியில ஒரு பேப்பரை எடுத்து, 50-க்குப் பதிலா அஞ்சே அறை போட்டு கையால ஓட்டினோம். 10, 20, 30, 40, 50.

முதல் படி: அறை 1-ல அறை 0-ஐப் போடு. 10, 10, 30, 40, 50. அடுத்து அறை 2-ல அறை 1-ஐப் போடு. அறை 1-ல இப்ப என்ன இருக்கு? 20 இல்ல, 10. அது போன படியிலேயே அழிஞ்சு போச்சு! 10, 10, 10, 40, 50. அப்படியே போய் கடைசியில 10, 10, 10, 10, 10. தலையில இருந்த ஒரு எண் வால் நுனி வரைக்கும் ஒரே ஃபிரேம்ல பரவிடுச்சு. மத்த நாலும் காணோம்.

திருப்பி, கடைசியில இருந்து வாங்க. அறை 4-ல அறை 3: 10, 20, 30, 40, 40. அறை 3-ல அறை 2: 10, 20, 30, 30, 40. இப்படியே வந்தா 10, 10, 20, 30, 40. போக வேண்டிய 50 மட்டும் போச்சு, மத்ததெல்லாம் பத்திரம். இப்ப அறை 0-ல புதுசைப் போட்டா ஆச்சு.

பெஞ்சுல அஞ்சு பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கீங்க, எல்லாரும் ஒரு இடம் வலது பக்கம் தள்ளணும்னா முதல்ல எந்திரிக்க வேண்டியது வலது ஓரத்துல இருக்கிறவர்தான். இடது ஓரத்துல இருந்து ஆரம்பிச்சா அடுத்தவர் மடியிலதான் உட்காரணும். நிஜ பெஞ்சுல அடுத்தவர் கத்துவார். அரேல யாரும் கத்த மாட்டாங்க, சத்தமில்லாம அழிஞ்சு போயிடுவாங்க. லூப்போட முதல் வரியை மட்டும் '49 முதல் 1 வரை, கீழ்நோக்கி'ன்னு மாத்தினோம். ப்ரொஜெக்டர்ல பாம்பு நெளிஞ்சது. ரெண்டு பேரும் கத்தினதுல பக்கத்து ரூம் அண்ணா வந்து திட்டிட்டுப் போனார்.

லூப் எந்தப் பக்கம் இருந்து ஓடுதுங்கறது பதிலையே மாத்தும்னு எந்த மார்க் சராசரி கணக்கும் எனக்குச் சொல்லித் தரல. கூட்டலுக்கு எந்தப் பக்கம் இருந்து போனாலும் ஒண்ணுதான். நகர்த்தும்போது அப்படி இல்ல.

சின்னதா இன்னொரு தொந்தரவு. ஆரம்பத்துல எல்லா அறையிலயும் 0 போட்டு வெச்சிருந்தோம். 0,0 மூலை ஆச்சே, புரோக்ராம் ஆரம்பிச்சதும் பாம்பு மூலைக்குள்ள இருந்து பாய்ஞ்சு வந்துச்சு. 0-க்குப் பதிலா −100 போட்டு, பிறக்காத வாலைத் திரைக்கு வெளிய ஒளிச்சு வெச்சோம். மவுஸை அசைக்கிற வரைக்கும் மூலையில ஒரு துண்டு மட்டும் தெரியும், அதை விட்டுட்டோம். 'ஐ'யை 50 வரைக்கும் ஓட விட்டா என்ன ஆகும்னும் பார்த்தோம். சி-யா இருந்தா பக்கத்து மெமரியில இருக்கிற ஏதோ ஒண்ணை எடுத்து வரும், இல்லன்னா புரோக்ராமே விழும். ஜாவால உடனே எரர் கொடுத்து நிறுத்திடும். ஜாவாஸ்கிரிப்ட் 'அப்படி ஒண்ணு இல்ல'ன்னு அமைதியா ஒரு பதிலைத் தந்துட்டுப் போய்க்கிட்டே இருக்கும். மூணுல எது நல்லதுன்னு கேட்டா, கத்துக்கிறவனுக்கு ஜாவா மாதிரி மூஞ்சியில அறையறதுதான் நல்லதுன்னு நான் சொல்லுவேன்.

மறுநாள் காலையில பசங்க வந்தாங்க. மவுஸுக்கு அடிதடி. ஒரு பையன் மட்டும் மவுஸைப் பிடிச்சு வேகமா ஆட்டறதை விட்டுட்டு, ஆட்டறான், நிறுத்தறான், மறுபடி ஆட்டறான், நிறுத்தறான். அப்புறம் கேட்டான்: "அண்ணா, கை நின்னா பாம்பு ஏன்ணா செத்துப் போகுது?"

பார்த்தேன். நிஜம்தான். மவுஸ் நின்னதும் வால் சரசரன்னு தலைக்குள்ள புகுந்து, ஒரு நொடிக்குள்ள வெறும் உருண்டை ஆயிடுது. ராத்திரி முழுக்க ஓட்டியும் நாங்க கவனிக்கல, ஏன்னா நாங்க மவுஸை நிறுத்தவே இல்ல.

காரணத்தை அவன் முன்னாடியே யோசிச்சேன். மவுஸ் நின்னாலும் 'டிரா' நிக்காது, நொடிக்கு 60 தடவை ஓடிக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு தடவையும் அதே எண் அறை 0-க்குள்ள நுழையுது, பழைய எண் ஒண்ணு வாலில இருந்து விழுது. 50 ஃபிரேம் கழிச்சு, அதாவது 50/60 நொடி, சுமார் 0.83 நொடியில, 50 அறையிலயும் ஒரே எண். நாங்க வெச்சிருந்தது பாம்போட உடம்பு இல்ல. கடந்த 0.83 நொடியோட டைரி. நின்னவனோட டைரியில எல்லாப் பக்கத்துலயும் ஒரே ஊர் பேர்தானே இருக்கும்.

சாப்பாட்டு நேரத்துல ஒரு நிபந்தனை சேர்த்தோம். பழைய தலைக்கும் மவுஸுக்கும் நடுவுல 4 பிக்ஸலுக்கு மேல தூரம் இருந்தா மட்டும் நகர்த்து, இல்லன்னா அரேவைத் தொடாதே. தூரம் கண்டுபிடிக்க பி5-லயே ஃபங்ஷன் இருக்கு, உள்ள ஓடறது நம்ம பிதாகரஸ்தான். நிபந்தனை லூப்புக்கு மட்டும்தான், வரையறது எப்பவும் போல நடக்கணும். அதையும் நிபந்தனைக்குள்ள போட்டுட்டீங்கன்னா, திரை துடைக்கப்படும் ஆனா பாம்பு வராது. மவுஸ் நின்னதும் பாம்பே மாயமாயிடும். (ஆமா, பண்ணினோம்.)

இப்ப கை நின்னா பாம்பும் வாலோட அப்படியே நிக்குது. அதே அரே, அதே 50 அறை. ஆனா அறைக்குள்ள இருக்கிறதோட அர்த்தம் மாறிடுச்சு. முன்னாடி ஒரு அறைன்னா ஒரு ஃபிரேம், நேரம். இப்ப ஒரு அறைன்னா குறைஞ்சது 4 பிக்ஸல் பயணம், தூரம். 1997-ல நோக்கியா 6110-ல வந்த ஸ்நேக் விளையாட்டு ஞாபகம் இருக்கா? அதுலயும் தலை பக்கம் ஒரு கட்டம் சேரும், வால் பக்கம் ஒண்ணு போகும். இரை தின்னா மட்டும் வால் போகாது, அதனாலதான் நீளும். அவ்வளவு பெரிய விளையாட்டும் ஒரு வரிசையில சேர்க்கிறதும் எடுக்கிறதும்தான்.

இடையில எம்பெடட் எடுக்கிற மேடம் வந்து பார்த்தாங்க. பாம்பைப் பார்க்கல, கோடைப் பார்த்தாங்க. "எதுக்குப்பா 50-ஐயும் நகர்த்திக்கிட்டு இருக்கீங்க?"ன்னு கேட்டாங்க. கணக்கு போட்டா, ரெண்டு அரேக்கும் சேர்த்து ஃபிரேமுக்கு 98 நகல், நொடிக்கு 5,880. லேப்டாப்புக்கு இது ஒண்ணுமே இல்ல. ஆனா சின்ன மைக்ரோகன்ட்ரோலர்ல இப்படிப் பண்ண மாட்டோம்னாங்க. யாரையும் நகர்த்தாம, 'தலை எங்க இருக்கு'ங்கறதை மட்டும் ஒரு எண்ணுல வெச்சுக்கோ. புதுசு வந்தா:

தலை = (தலை + 1) % 50
எக்ஸ்[தலை] = மவுஸ்எக்ஸ்

49-க்கு அப்புறம் மீதி 0, கடிகார முள் மாதிரி திரும்ப ஆரம்பத்துக்கு வந்துடும். எது ரொம்பப் பழசோ அது மேலயே புதுசு எழுதப்படும். வரையும்போது தலையோட அடுத்த அறையில ஆரம்பிச்சு ஒரு சுத்து வந்தா, பழசுல இருந்து புதுசு வரைக்கும் வரிசையா கிடைக்கும். இதுக்கு வட்ட பஃபர்னு பேராம். இணையத்துல இருக்கிற சில உதாரணங்கள்ல 'தலை'க்குப் பதிலா ஃபிரேம் எண்ணையே 50-ஆல வகுத்து மீதி எடுப்பாங்க. நம்ம 4 பிக்ஸல் நிபந்தனையோட அது ஒத்து வராது. பாம்பு நின்னாலும் ஃபிரேம் எண் ஓடிக்கிட்டே இருக்கும், நடுவுல அறைகள் தாண்டிப் போயிடும். தனியா எண்ணிக்கை வெச்சுக்கோங்க. உண்மையைச் சொன்னா, 50 அறைக்கு நகர்த்தற முறையே எனக்குப் பிடிச்சிருக்கு. படிச்சா புரியுது.

பக்கத்து டேபிள்ல எங்க கிளாஸ் பொண்ணுங்க நுரைக்குமிழி பண்ணியிருந்தாங்க. கீழ இருந்து 40 குமிழி மிதந்து மேல வரும், கிளிக் பண்ணினா உடையும். எக்ஸ், ஒய், வேகம்னு மூணு அரே. ஒவ்வொரு குமிழிக்கும் வேகம் வேறங்கறதாலதான் அது உயிரோட இருக்கிற மாதிரி இருந்துச்சு, ஒரே வேகமா இருந்தா லிஃப்ட்ல ஏறின மாதிரி இருந்திருக்கும். அவங்களுக்கு வந்த ரெண்டு தலைவலியை மட்டும் சொல்லிடறேன், நீங்களும் கண்டிப்பா மாட்டுவீங்க.

ஒண்ணு, ரெண்டு குமிழி ஒட்டி இருக்கும்போது கிளிக் பண்ணினா ஒண்ணுதான் உடைஞ்சது. லூப் 0-ல இருந்து மேல போகுது, 3-வது குமிழியை நீக்கறாங்க. நீக்கினதும் 4-ல இருந்தது 3-க்கு இறங்கிடும். லூப் அடுத்து 4-க்குப் போகுது. இறங்கினவன் தப்பிச்சுட்டான். இதுக்கும் மருந்து அதேதான், கடைசியில இருந்து முன்னாடி வாங்க. ரெண்டாவது இன்னும் மோசம். எக்ஸ்லயும் ஒய்லயும் நீக்கிட்டு வேகத்துல நீக்க மறந்துட்டாங்க. ஒரு குமிழியை உடைச்சா அதுக்கு அப்புறம் இருக்கிற எல்லாக் குமிழியும் திடீர்னு அடுத்தவனோட வேகத்துல ஓட ஆரம்பிச்சது. பசங்களுக்கு அது சிறப்பு எஃபெக்ட் மாதிரி இருந்துச்சு, கைதட்டினாங்க. மூணு அரேவை ஒண்ணா இழுத்துக்கிட்டுப் போறது கஷ்டம். ஒரு குமிழியோட எக்ஸ், ஒய், வேகம் மூணையும் ஒரே ஆப்ஜெக்ட்டா கட்டி, அந்த ஆப்ஜெக்ட்டுகளை ஒரே அரேல வெச்சா இந்தத் தொல்லை போயிடும். ஆப்ஜெக்ட் எதுக்குன்னு கேக்கறவங்க முதல்ல இந்த வலியை ஒரு தடவை பட்டுட்டு வாங்க.

சாயங்காலம் பஸ் கிளம்பறதுக்கு முன்னாடி அந்தப் பையன் ரெண்டு நண்பர்களோட திரும்ப வந்தான். மவுஸை ஆட்டினான், நிறுத்தினான். பாம்பு நின்னுச்சு, சாகல. "நீ சொன்னதால மாத்தினோம்டா"ன்னு சொன்னேன். நம்பல. கோடைத் திறந்து காட்டினேன். எங்க பார்த்தாலும் 50-ன்னு இருக்கக் கூடாதேன்னு, நீளத்தை மேல ஒரே இடத்துல வேரியபிளா வெச்சிருந்தோம். "இதை மாத்தினா பாம்பு பெருசாகுமாண்ணா?"ன்னு கேட்டான். மாத்திப் பாருன்னு கீபோர்டைத் தள்ளினேன். 50-ஐ அழிச்சு 100-னு போட்டான்.

பாம்பு நீளமாச்சு. ஆனா தலையில தடிமனா ஆரம்பிச்சு, நடுவுல நூலா மெலிஞ்சு, மறுபடி தடிச்சு, வால் பக்கமும் ஒரு தலை! அளவு எழுதின இடத்துல மட்டும் 50 − ஐ-ன்னு பழைய 50-ஐ மாத்தாம விட்டிருக்கோம். 50-ம் அறைக்கு மேல விட்டம் −1, −2ன்னு போய் −49 வரைக்கும் மைனஸ் ஆகுது. பி5 மைனஸ் அளவு வந்தா குறியைத் தூக்கிப் போட்டுட்டு 1, 2, 49-ன்னு வரைஞ்சுடுது.

எனக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. இதை எப்படிடா விட்டோம்னு கோடைத் தேடிக்கிட்டு இருக்கேன், அவன் நண்பனோட தோளைப் பிடிச்சு உலுக்கிட்டு இருந்தான்.

"டேய், இருதலை மணியன்டா! அண்ணா, இதை மாத்திடாதீங்கண்ணா."

மாத்தல. இப்பவும் எங்க லேப் கம்ப்யூட்டர்ல அதுக்கு ரெண்டு தலைதான்.